அரக்கு வைத்த ஓசை

புருஷனின் குரலுக்கு அந்த அம்மாள் வைத்த விலை இரண்டு தங்க வளையல்.

சோப்பு போட்டுக் கழற்றியிருக்க வேண்டும். மணிக்கட்டு இரண்டும் சிவந்து கிடந்தன. மேசைமேல் வளையல்களை வைத்துவிட்டு, கடன் கேட்க வந்தவள்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"கையில காசு இல்ல மேடம். எல்லாத்தையும் ஆஸ்பத்திரி வாங்கிக்கிச்சு. இதை வெச்சுக்கிட்டு, அவர் கடைசியாப் பேசின ஃபைலை எனக்கு முழுசாக் கேக்க வெச்சிடுங்க."

எதிரே இருந்தவளை எல்லாரும் உரைகல் என்பார்கள். துப்பறிய வருவதற்கு முன் இருபத்தேழு வருஷம் அடகுக் கடையில் நகை மதிப்பீடு செய்தவள். கடையை விட்டு வந்தும் பட்டப்பெயர் அவளை விடவில்லை, பழக்கமும் விடவில்லை. ஒரு வளையலை நகத்தால் சுண்டினாள். ணங் என்றது. மற்றதைச் சுண்டினாள். டப் என்றது.

"இது யார் போட்டது?"

"எங்கப்பா, கல்யாணத்துக்கு."

"இது?"

"போன வருஷம் வாங்கினது. என் வீட்டுக்காரரோட கூட்டாளிக்குத் தெரிஞ்ச இடமாம். மலிவா முடிச்சுக் குடுத்தார்."

உரைகல் இரண்டையும் அவள் பக்கமே தள்ளினாள். "போட்டுக்கங்கம்மா. வேலை முடியட்டும், பேசிக்கலாம்."

ஜன்னலோரம் நின்ற உதவியாளன் சில்லறை கண்ணைக் கசக்கிக்கொண்டான். எதற்கும் வாயில் பதில் தயாராக வைத்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். "அக்கா, கைக்கு வந்த நகையைத் திருப்பிக் குடுத்த அடகுக் கடைக்காரரை இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

"வாயை மூடு. நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா."

முதலிலிருந்து விஷயம் இதுதான். அவள் புருஷன் ஒலிப்பதிவாளர். கடைத்தெருவில் ஒரு மாடியறை, அதில் சின்ன ஸ்டூடியோ, அதில் ஒரு கூட்டாளி. ஒன்பது நாள் முன்பு ஒரு சாயங்காலம், ஸ்டூடியோ படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். வாட்ச்மேன் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இன்றுவரை நினைவு திரும்பவில்லை.

அன்று அவர் பதிவுக் கருவியை ஓடவிட்டிருந்தார். பதிவை நிறுத்திய மறுகணம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதி தானாகப் போய்ச் சேரும்படி அவர் எப்போதோ ஏற்பாடு செய்திருந்தார். போய்ச் சேர்ந்தது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாடவில்லை.

"ஃபைல் வந்திருக்குன்னு இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். கூட்டாளியைக் கூப்பிட்டேன். அவர் பாத்துட்டு, 'இது சத்தத்துல எதையும் விடாத லாஸ்லெஸ் ஃபைல் அண்ணி, ஸ்டூடியோ மெஷின்லதான் பாடும், நான் எம்பி3யா மாத்தித் தரேன்'னார். மறுநாள் கொண்டு வந்து அவரே கம்ப்யூட்டர்ல உக்காந்து ஏத்திக் குடுத்தார். அது பாடுச்சு. அதுல என் கொழுந்தன் அவரோட சண்டை போடறான். வேன் வாங்கப் பணம் கேட்டுக் கத்தறான். அப்புறம்..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்புறம் விழற சத்தம்."

"எம்பி3யை போலீஸ்கிட்ட குடுத்தது யாரு?"

"நான்தான். இந்தக் கையாலதான். பதினோரு வயசுலேர்ந்து நான் தலை வாரிவிட்டு வளத்த பையன் மேடம் அவன். ஏழு நாளாப் போலீஸ் காவல்ல இருக்கான். நாளைக்குக் காலைல ஜெயிலுக்குக் கொண்டு போறாங்க. நேத்துப் போய்ப் பாத்தேன். 'நான் கிளம்பும்போது அண்ணன் நல்லாத்தான் இருந்தான். முழுசாக் கேட்டீங்களா அண்ணி?'ன்னு மட்டும் கேட்டான். முழுசாக் கேக்கவும் பயமா இருக்கு. கேக்காம இருக்கவும் முடியல."

உரைகல் ஒரு கேள்விதான் கேட்டாள். "பதிவை நிறுத்தினாத்தானே பிரதி வீட்டுக்கு வரும்? படிக்கட்டுக்குக் கீழ மண்டை உடைஞ்சு கிடந்த மனுஷன், மேல ஏறி வந்து எப்படிம்மா நிறுத்தினார்?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வளையல்களை மாட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிட்டது.

*

வீட்டில் கம்ப்யூட்டர் பழசு. ஸ்பீக்கர் இரண்டும் ஆள் உயரத்தில் பாதி. மேசைக்கடியில் ஒரு பழுப்பு நாய், இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை என்ற தோரணையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பேரு என்னம்மா?" என்றான் சில்லறை.

"வட்டி. எந்நேரமும் தூங்கும், ஆனா வளந்துக்கிட்டே இருக்கும்னு அவர் வெச்ச பேரு."

நாளுக்கொன்றாக ஃபைல்கள் அடுக்கியிருந்தன. எல்லாப் பெயர்களின் வாலிலும் ஃப்ளாக் என்ற ஒட்டு. சில்லறை அன்றைய ஃபைலைத் தட்டினான். 'இந்த வகை ஃபைலைத் திறக்க இயலவில்லை' என்று திரை கைவிரித்தது.

"ஃபைல் மேல குத்தம் இல்லக்கா. இந்தப் பிளேயர் கம்ப்யூட்டரோட கூடப் பொறந்தது. அதுக்கு ஃப்ளாக் பாஷை தெரியாது. தெரிஞ்ச பிளேயர் இன்டர்நெட்டுல இலவசமாவே கிடைக்குது. பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷமா?" அந்த அம்மாள் நம்பவில்லை. "வீட்டு மெஷின்ல முடியவே முடியாதுன்னாரே."

"முடியாதுன்னு சொல்றதுலயும் லாபம் பாக்கறவங்க இருக்காங்கம்மா."

பத்து நிமிஷம் இருபது நிமிஷமானது. புதுப் பிளேயர் ஃபைலைத் திறந்தது, கோடு நகர்ந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சில்லறை ஸ்பீக்கர் வயரை ஆட்டினான், ஊதினான், திட்டினான். கடைசியில் நெற்றியில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், ஸ்பீக்கரே இல்லாத திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. "கடையில ஆள் காத்துக்கிட்டு நிக்குது. சரக்கு ஆளில்லாத குடோனுக்குப் போவுது" என்று சத்தம் போகும் வாசலை மாற்றிவிட்டான்.

குரல் அறையை நிறைத்தது. முப்பத்தெட்டு நிமிஷம் ஐந்து நொடி. எம்பி3யில் இருந்த அதே சண்டை. அதே கத்தல். "இன்னிக்கு ஒரு முடிவு தெரியாம நான் போகமாட்டேண்ணே!" என்று அதே கொழுந்தன். பிறகு தடதடவென்று அதே விழும் சத்தம்.

அந்த அம்மாள் சுவரோடு சாய்ந்தாள். "அதேதான். ஒரு எழுத்து மாறல. ஒரிஜினலும் அதையேதான் சொல்லுது. இதுக்கு நான் கேக்காமலே இருந்திருக்கலாம்."

வட்டி குறட்டை விட்டது.

உரைகல் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சில்லறை, வேற ஏதாவது ஒரு நாளோட ஃபைலைப் போடு."

முந்தின நாளின் ஃபைல். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதற்கும் முன்பே, ஸ்பீக்கரில் எதுவுமே கேட்காத முதல் இரண்டு நொடியில், வட்டி எழுந்துவிட்டது. வால் மேசைக் காலில் பட்பட்டென்று அடித்தது. ஓடிப்போய் ஸ்பீக்கரின் பின்பக்கத்தை மோந்தது. அங்கே ஆளில்லை. மறுபக்கம் போய்ப் பார்த்தது. அங்கும் இல்லை. பிறகு எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவர் வந்துட்டாருன்னு தேடுது. எந்தப் பதிவா இருந்தாலும் ஆரம்பத்துல ஒரு சின்ன விசிலை ஊதுவார். நாய் விசில். எனக்குக் கேக்காது, அவருக்கும் கேக்காது. வீட்டுல போட்டா இது மட்டும் ஓடி வரும். எதுக்குன்னு கேட்டா, 'என் கையெழுத்து'ன்னு சிரிப்பார். நான் விளையாட்டுன்னு நினைச்சேன்."

"கூட்டாளிக்குத் தெரியுமா?"

"பக்கத்துலயே நின்னாலும் கேக்காதே. எப்படித் தெரியும்?"

வரிசையாக இன்னும் மூன்று நாள் ஃபைல்கள். மூன்றுக்கும் நாய் எழுந்தது. மறுபடி அன்றைய ஃபைல். நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

"எம்பி3யா மாத்தினா எதுடா போகும்?" என்றாள் உரைகல், விடையைத் தெரிந்துகொண்டே.

"ஃப்ளாக்குங்கறது போர்வையை மடிச்சுப் பெட்டியில வெக்கறது. பிரிச்சா ஒரு நூல் குறையாது. எம்பி3ன்னா, பெட்டி சின்னது, ஓரத்தைக் கிழிச்சுட்டுத் திணிக்கறது. மனுஷக் காதுக்கு எட்டாத கீச்சு சத்தத்தைத்தான் முதல்ல கிழிப்பான். அப்புறம் அதையே எடுத்துத் திரும்பப் பெரிய பெட்டியில போட்டு ஃப்ளாக்னு பேரு வெச்சாலும்..." சில்லறை நிறுத்திவிட்டு நாயைப் பார்த்தான். "அடடா. அசல் இருந்தாத்தானே வட்டி எழுந்திருக்கும்!"

உரைகல் அந்த அம்மாளின் கையைப் பிடித்து, வளையல்களை ஒவ்வொன்றாகச் சுண்டினாள். ணங். டப்.

"ஒண்ணு தங்கம். இன்னொண்ணு மேல தங்கத் தகடு, உள்ள அரக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்த ஃபைலும் அப்படித்தாம்மா. உங்க வீட்டுக்காரர் பதிஞ்சது இது இல்ல. எம்பி3யை வெட்டி ஒட்டி, அதை ஊதிப் பெருக்கி, அசல் இருந்த இடத்துல வெச்சிருக்காங்க. இன்ஸ்பெக்டர் ஒரிஜினல் எங்கன்னு கேட்டா எதையாவது காட்டணுமே."

"அப்ப அசல்?"

நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே பொட்டலத்தில் வந்தால் எதை முதலில் பிரிப்பது என்று வியாபாரிகளுக்குத் தெரியும். உரைகலுக்கு அன்று தெரியவில்லை. "அழிச்சிருப்பாங்க" என்றாள்.

கொழுந்தன் நிரபராதி என்று ஒரு நாய்க்கு மட்டும் தெரியும். நாயைக் கூண்டில் ஏற்றினால் நீதிபதி சிரிப்பார். நாளைக் காலை இன்னும் பதினேழு மணி நேரத்தில் இருந்தது.

"சில்லறை, கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லாத்தையும் எடை வாரியா அடுக்கு. பேரைப் பாக்காத. பேரு எவன் வேணா ஒட்டுவான். கனத்தைப் பாரு."

பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டியல் இறங்கியது. கல்யாண வீடியோ. கொழுந்தனின் பள்ளிக்கூட ஆண்டுவிழா. ஃப்ளாக்குகள். நடுவே, கல்யாணப் படங்கள் இருக்கும் ஃபோல்டரில், ஒரு எம்பி3.

"என்னக்கா இது? கூட்டாளி குடுத்த எம்பி3 முப்பத்தெட்டு எம்பி. இது இருநூத்தி அறுபது. மூணு பவுன் சங்கிலி தராசுல இருபது பவுன் நிக்குது. தட்டினா பாடவும் மாட்டேங்குது."

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. "ஐயோ, அதை விடுங்க. அது நான் பண்ண கூத்து."

"என்ன கூத்து?"

"ஃபைல் வந்த அன்னிக்கே, கூட்டாளியைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொன்னாரு, பேரோட வாலை எம்பி3ன்னு மாத்திட்டா பாடும்னு. ஒரிஜினலைத் தொடப் பயந்து, ஒரு பிரதி எடுத்து அதோட வாலை மாத்தினேன். அதுவும் பாடல. கெடுத்துட்டேனேன்னு வெக்கமாப் போச்சு. யார் கண்ணுலயும் படாம ஃபோட்டோக்குள்ள தள்ளிட்டேன். கூட்டாளிகிட்டகூட மூச்சு விடல."

சில்லறை நாற்காலியிலிருந்து எழுந்து அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

அப்போது வாசல் மணி அடித்தது.

"அவர்தான்" என்றாள் அவள், குரல் இறங்க. "தினமும் இந்நேரத்துக்கு வந்து ஆஸ்பத்திரி நிலவரம் கேட்டுட்டுப் போவார்."

உரைகல் சில்லறையின் காதருகே இரண்டே சொல் சொன்னாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

*

கூட்டாளி பழப்பையோடு உள்ளே வந்தார். சலவைச் சட்டை, இதமான குரல், கடன்காரனையும் உட்காரவைத்துப் பேசும் சிரிப்பு. "அண்ணி, டாக்டர் என்ன சொன்னார்? நீங்க ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" பிறகுதான் மற்ற இருவரையும் பார்த்தார். "இவங்க?"

"தூரத்துச் சொந்தம்" என்று திரும்பி வந்த உரைகல் முந்திக்கொண்டாள். "கம்ப்யூட்டர் ஆமை மாதிரி போகுதுன்னா. சுத்தம் பண்ணலாம்னு வந்தோம். நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க. இதுல ஒரு எம்பி3 பாடவும் மாட்டேங்குது, இடத்தையும் அடைச்சுக்கிட்டிருக்கு. என்ன பண்ணலாம் சொல்லுங்க."

அவர் திரையருகே குனிந்தார். பெயரைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். எடையைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது; அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் எங்கோ போய்விட்டு வந்தார்.

"கெட்டுப்போன ஃபைல். வைரஸாக்கூட இருக்கும்." மவுஸைத் தானே வாங்கி அழித்தார். அழித்ததோடு நில்லாமல், குப்பைத் தொட்டியைத் திறந்து அதையும் காலி செய்தார். "அவ்வளவுதான் அண்ணி. இனி வேகமாப் போகும்."

அந்த அம்மாளிடமிருந்து ஒரு விசும்பல் வந்து பாதியில் நின்றது.

"இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கீங்க" என்றாள் உரைகல். "ஒரு தடவை போட்டுக்கூடப் பாக்காம கெட்டதுன்னுட்டீங்களே. உரசிப் பாக்காம பித்தளைன்னு சொன்னவனை எங்க கடையில ரெண்டே ரகமாத்தான் பாத்திருக்கேன். ஒண்ணு, கண்ணு தெரியாதவன். இன்னொண்ணு, அதைச் செஞ்சவன்."

"என்ன பேசறீங்க நீங்க?"

"சில்லறை, மாத்தி வெச்சியா?"

"நோட்டு நோட்டா இருக்குக்கா." சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவ் வெளியே வந்தது. "மணிச் சத்தம் கேட்டு அம்மா போய்க் கதவைத் திறக்கறதுக்குள்ள காப்பி முடிஞ்சுது. வாலையும் பழையபடி ஃப்ளாக்னு மாத்திட்டேன்."

செருகினான். தட்டினான். நாற்பத்தொன்பது நிமிஷம் பதினேழு நொடி என்று திரை சொன்னது.

முதல் இரண்டு நொடி எதுவும் கேட்கவில்லை. வட்டி எழுந்து ஓடி வந்தது.

கூட்டாளி வாசல் பக்கம் ஓரடி வைத்தார். உரைகல் சமையலறையிலிருந்து போனில் கூப்பிட்ட இன்ஸ்பெக்டர், அடுத்த தெரு ஸ்டேஷனிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நானும் கேக்கறேன். உக்காருங்க" என்றார்.

சில்லறை சண்டையைத் தாண்டி ஓட்டினான். நகலில் இல்லாத இடம் வந்தது.

*"சரிண்ணே. நான் கத்தினது தப்பு."* கொழுந்தனின் குரல் உடைந்திருந்தது. *"அண்ணிகிட்ட சொல்லாத."*

*"சொல்லலடா. வண்டியைப் பாத்து ஓட்டு."*

கதவு சாத்தும் சத்தம். படியிறங்கும் கால். கொஞ்ச நேரம் காகிதச் சரசரப்பு. பிறகு வேறொரு கால், ஏறி வருவது.

*"வா. உன்னைத்தான் தேடினேன். அலமாரியில இருக்கற பழைய பாட்டுப் பதிவு அசல் நாப்பதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டேன். ஒண்ணுலகூட என் கையெழுத்து இல்ல. நாப்பதும் ஊதிப் பெருக்கினது. பாடினவங்க என்னை நம்பிக் குடுத்த குரல்டா. நிஜத்தை எங்க வித்த?"*

*"மெதுவாப் பேசு. கணக்குப் பாத்துச் சரி பண்ணிக்கலாம்."*

*"நாளைக்கு எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லப்போறேன். கையை விடு. விடுன்னா..."*

தடதடவென்று அந்தச் சத்தம். நகலில் கொழுந்தனின் கத்தலோடு ஒட்டவைத்திருந்த அதே சத்தம்.

அதற்குப் பிறகுதான் அறையில் இருந்த யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனது. மைக்குக்குப் பக்கத்தில் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கீழே, தூரத்தில், ஒரு முனகல். பிறகு போன் மணி, படிக்கட்டின் அடியில் கிடந்தவரின் சட்டைப் பையிலிருந்து. அடித்து ஓய்ந்தது. மூச்சு விட்டவன் நகரவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது. நீண்ட அமைதி.

*"ச்சே. இது ஓடிக்கிட்டிருக்கு."*

பதிவு நின்றது.

இன்ஸ்பெக்டர் கூட்டாளியின் தோளைத் தொட்டார். அவர் எழுந்தபோது பழப்பை சாய்ந்து, ஒன்று உருண்டு போய் நாயின் காலில் முட்டியது. நாய் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அது இன்னும் ஸ்பீக்கரின் பின்னால் தேடிக்கொண்டிருந்தது.

"பென்டிரைவை நானே கொண்டு வரேன்" என்று சில்லறை அவர்களோடு படியிறங்கினான்.

அந்த அம்மாள் அழுவாள் என்று உரைகல் காத்திருந்தாள். அவள் அழவில்லை. போனை எடுத்து, ஒன்பது நாள் பின்னுக்குத் தள்ளி, திரையைக் காட்டினாள். அன்று சாயங்காலம், நான்கு நிமிஷ இடைவெளியில், இரண்டு அழைப்புகள்.

"நான்தான் கூப்பிட்டேன். வரும்போது பேட்டரி வாங்கிட்டு வரச் சொல்லணும்னு. ரெண்டாவது தடவையும் எடுக்கலைன்னதும் எனக்குக் கோவம். வேலைன்னா இந்த மனுஷனுக்கு வீடு மறந்துடும்னு போனைத் தூக்கிப் போட்டுட்டேன். மூணாவது தடவை கூப்பிட்டிருந்தா, வாட்ச்மேன் காதுல விழுந்திருக்குமில்ல?"

"தெரியலம்மா" என்றாள் உரைகல். அவளுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல வராது. இருபத்தேழு வருஷப் பழக்கம்.

"கொழுந்தன் நாளைக்கு வந்துடுவானா?"

"வந்துடுவான்."

"வந்தா, நான் குடுத்த எம்பி3யைப் பத்திக் கேப்பானே." அந்த அம்மாள் வளையல்களைக் கழற்றப் போனாள். "உங்க கூலி."

உரைகல் டப் என்றதை மட்டும் வாங்கிக்கொண்டாள். "இது சாட்சிக்கு. ஸ்டேஷன்ல குடுத்துடறேன். தங்கம் உங்க கையிலயே இருக்கட்டும். என் கூலியை உங்க கொழுந்தன் வேன் வாங்கி ஓட்டிட்டு வந்து தரட்டும்."

படியிறங்கும் முன் தன் பழைய கடை நோட்டை எடுத்து, எந்த வழக்கு முடிந்தாலும் எழுதுவதுபோல எழுதினாள்:

அசல், நாற்பத்தொன்பது நிமிஷம் பதினேழு நொடி. நகல், முப்பத்தெட்டு நிமிஷம் ஐந்து நொடி. வெட்டியது, பதினொரு நிமிஷம் பன்னிரண்டு நொடி. திரும்பக் கிடைத்தது, அதே பதினொரு நிமிஷம் பன்னிரண்டு நொடி. நேர்.

கொழுந்தன் காவலில் இருந்த நாள், ஏழு. பற்று எழுத வேண்டிய பெயர்கள், இரண்டு: எம்பி3யைச் செய்தவர், அதைக் கொண்டு போய்க் கொடுத்தவர். அதில் ஒன்றை எழுத மனம் வரவில்லை, இடம் விட்டிருக்கிறது.

நிலுவை, ஒன்று. கூப்பிடாத மூன்றாவது அழைப்பு.